தானியங்கிக் கட்டடங்கள்: நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு தொழில்



என் அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமு, என்னை பி.எம்.எஸ். ரூமுக்கு மாத்துறாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் வேலையாம். எனக்கு வராதுன்னு சொல்லிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றான்.

"சொல்லிவிடாதே, முதலில் அது என்னவென்று பார்ப்போம்" என்றேன். கல்லூரியில் படித்த இயற்பியலை நானும் தூசி தட்டினேன். அவன் கொண்டுவந்த கையேடுகளை இருவருமாக உட்கார்ந்து படித்தோம். அப்போது எனக்குப் புரிந்ததை நம் குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். இந்த வேலை நம் ஊர் வாசலில் இருக்கிறது. ஆனால் "கம்ப்யூட்டர் படித்தவனுக்கு உரியது" என்று எலக்ட்ரீஷியன் பிள்ளை ஒதுங்குகிறான். "வயர் இழுக்கும் வேலை" என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒதுங்குகிறான்.

பி.எம்.எஸ். என்பது என்ன?

ஒரு பெரிய கட்டடத்தில் குளிர்சாதனம், காற்றோட்டம், விளக்கு, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் இருந்து கண்காணித்து, நேரமும் தேவையும் பார்த்துத் தானாக இயக்கும் ஏற்பாடுதான் பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக பி.எம்.எஸ்.

இந்த எண்ணம் பழையது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் 'கிதாபுல் ஹியல்' என்ற நூலில் சுமார் நூறு கருவிகளை விவரித்தார்கள். நீர்மட்டம் பார்த்துத் தானே மூடித் திறக்கும் மிதவை வால்வுகள் அவற்றில் உண்டு. 1883இல் அமெரிக்க ஆசிரியர் வாரன் ஜான்சன் அறையின் வெப்பத்தை உணர்ந்து மணியடிக்கும் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அளந்து பார், வேண்டியதோடு ஒப்பிடு, வித்தியாசம் இருந்தால் சரிசெய் என்பதே அன்றும் இன்றும் அடிப்படை.

நம் ஊரில் இதற்கு என்ன தேவை?

போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் 500 ஏக்கரில் ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைத்ததை அறிவோம். 2023இல் அதே நிறுவனம் பேட்டரி செல் தயாரிக்கும் ஆலைக்கும் நம் மாவட்டத்தில் கட்டுமானத்தைத் தொடங்கியது. லித்தியம் பேட்டரி செல் செய்வதற்கு மிக உலர்ந்த காற்று தேவை. செல்லுக்குள் நிரப்பும் திரவத்தில் உள்ள லித்தியம் உப்பு, ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் அரிக்கும் நச்சுப்பொருளை உண்டாக்கும். அதனால் இத்தகைய ஆலைகளில் 'டிரை ரூம்' என்ற உலர் அறைகள் இருக்கும். அங்குள்ள காற்றின் பனிநிலை பொதுவாக மைனஸ் 40 டிகிரியோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். உள்ளே வேலை செய்பவரின் மூச்சும் வியர்வையும்கூட அந்த அறைக்கு ஈரச்சுமைதான்.

அந்த நிலையை 24 மணி நேரமும் காப்பாற்ற ஒரு மனிதர் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. தானியங்கிக் கட்டுப்பாடுதான் வழி. செல்போன் பாகம், மருந்து, மின்னணுப் பலகை செய்யும் ஆலைகளுக்கும், பெரிய மருத்துவமனைகளுக்கும், பெங்களூரின் அலுவலகக் கட்டடங்களுக்கும், வளைகுடா நாடுகளின் மால்களுக்கும் இது பொருந்தும்.

நான்கு வகைச் செய்தி

கண்ட்ரோலர் என்பது ஒரு சிறு பெட்டி. அதற்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் நான்கே வகை.

முதலாவது, 'ஆம், இல்லை' என்று உள்ளே வருவது: மோட்டார் ஓடுகிறதா, ஃபில்டர் அடைத்துவிட்டதா? இது டிஜிட்டல் இன்புட். இரண்டாவது, அளவாக உள்ளே வருவது: அறை 26 டிகிரி, தொட்டியில் நீர் 40 சதவீதம். இது அனலாக் இன்புட். மூன்றாவது, 'ஓடு, நில்' என்று வெளியே போவது: டிஜிட்டல் அவுட்புட். நான்காவது, அளவாக வெளியே போவது: வால்வை 60 சதவீதம் திற. இது அனலாக் அவுட்புட். பெரும்பாலும் 0 முதல் 10 வோல்ட் வரையான மின்னழுத்தமாகப் போகும்.

வேலையைத் தொடங்கும்போது செய்ய வேண்டியது, இவற்றை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுவது. 'பாயின்ட் லிஸ்ட்' என்பார்கள். எத்தனை சென்சார், எந்தக் கண்ட்ரோலரின் எந்த முனையில் எந்த வயர் என்று எல்லாம் அதில் இருக்கும். பட்டியல் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கண்ட்ரோலர்கள் பேசும் மொழி

ஒரு கம்பெனியின் கண்ட்ரோலர் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேச ஒரு பொது மொழி வேண்டும். 1979இல் வந்த மோட்பஸ் இன்றும் மின்மீட்டர்களிலும் மோட்டார் டிரைவ்களிலும் இருக்கிறது. கட்டடங்களுக்கென்றே உருவான பேக்நெட் 1995இல் அமெரிக்காவில் தரநிர்ணயமாக வந்து, 2003இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

இரண்டு வயர் கேபிளில் கண்ட்ரோலர்களை இணைக்கும்போது வீட்டு வயரிங் போல நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் தனி எண் தர வேண்டும். எல்லாம் ஒரே வேகத்தில் பேச வேண்டும். இரண்டு பெட்டிக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால், ஒரே பெயரில் இருவர் இருக்கும் வீட்டுக்குத் தபால் வந்த கதைதான்.

புரோகிராம் தமிழில்தான் தொடங்குகிறது

என் மருமகன் பயந்தது இந்த இடத்துக்குத்தான். ஆனால் பி.எம்.எஸ். புரோகிராம் பெரும்பாலும் பக்கம் பக்கமாகக் குறியீடு எழுதுவதல்ல. திரையில் சிறு கட்டங்களை வைத்து அவற்றைக் கோடுகளால் இணைப்பது. ஒரு கட்டம் ஒப்பிடும், ஒரு கட்டம் நேரம் எண்ணும், இன்னொன்று 'இரண்டும் உண்மையானால் மட்டும்' என்று பார்க்கும். அதற்கு முன், கட்டடம் என்ன செய்ய வேண்டும் என்று வாய்ப்பேச்சில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் மஹாலின் தண்ணீர்த் தொட்டியை வைத்தே அவனை எழுதச் சொன்னேன்.

1. மேல்தொட்டியில் நீர் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடட்டும்.
2. 90 சதவீதம் ஆனதும் நிற்கட்டும்.
3. மோட்டார் ஓடத் தொடங்கி 2 நிமிடம் ஆகியும் குழாயில் நீரோட்டம் இல்லையென்றால் மோட்டாரை நிறுத்து, எச்சரிக்கை கொடு. போர்வெல் வற்றியிருக்கலாம்.
4. எச்சரிக்கையை ஒருவர் வந்து பார்த்து நீக்கும் வரை மோட்டார் மறுபடி ஓடக் கூடாது.

முதல் இரண்டு வரியில் ஏன் இரண்டு அளவுகள்? ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே அளவை வைத்தால், நீர் சற்று அசைந்தாலும் மோட்டார் ஓடும், நிற்கும், ஓடும். கடைசியில் காயில் கருகிவிடும். இந்த இடைவெளியை வைக்கத் தெரிந்தவன் ஏ.சி.க்கும் வைப்பான்.

பெரிய கட்டடத்தின் ஏ.சி.யில் காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து, சுமார் 7 டிகிரி குளிர்ந்த நீர் ஓடும் சுருள்மேல் செலுத்தி, மின்விசிறியால் அறைக்கு அனுப்புவார்கள். அறை 24 டிகிரி இருக்க வேண்டும். 24.5 ஆனால் நீர் வால்வு சற்றே திறக்க வேண்டும்; 27 ஆனால் அதிகம் திறக்க வேண்டும். வித்தியாசத்துக்குத் தக்கபடி திறப்பது, வித்தியாசம் நீடித்தால் மேலும் கூட்டுவது, வேகமாக மாறினால் முன்கூட்டியே அடக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே பி.ஐ.டி. கட்டுப்பாடு. பெயர்தான் மிரட்டும். பிரியாணிக்குத் தம் போடும் பண்டாரி தணலைக் கூட்டிக் குறைப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

இதோடு நேர அட்டவணை சேரும்: ஆட்கள் வருவதற்கு முன் ஓடு, போனபின் நில். பாதுகாப்பு நிபந்தனையும் சேரும்: தீ எச்சரிக்கை வந்தால், புகை மற்ற அறைகளுக்குப் பரவாதபடி காற்று விசிறியை உடனே நிறுத்து. தீ எச்சரிக்கை அமைப்பு தனியாகவே இயங்க வேண்டும், பி.எம்.எஸ். அதன் செய்தியைக் கேட்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே தவறுகிறது?

ஒரு நிக்காஹ் அன்று யாரோ அவசரத்துக்கு மஹால் மோட்டாரின் சுவிட்சை 'மேனுவல்' பக்கம் திருப்பிவிட்டார்கள். திரும்ப 'ஆட்டோ'வில் வைக்க மறந்துவிட்டார்கள். இரவு முழுதும் தொட்டி வழிந்தது. தானியங்கி இருந்தும் பயனில்லை. பூட்டியவன் நானே என்பதால் பழியும் என்மேல்தான்.

பெரிய அமைப்புகளிலும் இதேதான் நடக்கிறது. பேக்நெட்டில் ஒரு கருவிக்கு வரும் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமைப் படிகள் உண்டு. 1 மிக உயர்ந்தது, உயிர்ப் பாதுகாப்புக்கு உரியது. ஆபரேட்டர் கையால் கொடுக்கும் கட்டளை 8ஆம் படி. புரோகிராமின் வழக்கமான கட்டளை அதற்கும் கீழே, பெரும்பாலும் 16இல் இருக்கும். 8இல் 'ஓடு' என்று கொடுத்துவிட்டு அதை விடுவிக்காமல் போனால், புரோகிராம் எத்தனை முறை 'நில்' என்றாலும் அது கேட்காது. மாதக்கணக்கில் வீணாக ஓடும்; மின்கட்டணம் வந்தபின்தான் தெரியும்.

இன்னொரு அனுபவம் என் மருமகனுடையது. ஓர் இடத்தில் ஓர் அறை உறைந்தது. பக்கத்து அறை வெந்தது. புரோகிராமை இரண்டு நாள் தேடினார்கள். பிழை அங்கே இல்லை. இரு அறைகளின் சென்சார் வயர்கள் இடம் மாறியிருந்தன. கண்டுபிடித்தது அவன்தான். சென்சாரைக் கையால் பொத்திச் சூடாக்கி, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்தான். பக்கத்து அறையின் எண் ஏறியது. ஒவ்வொரு பாயின்டையும் இப்படி நேரில் சோதிப்பதற்கு 'கமிஷனிங்' என்று பெயர். எலக்ட்ரீஷியனாக இருந்ததால்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் உள்ளே நுழைந்தது, குளிர்சாதன ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்த நுழைவுரிமையின் வழியே.

மிச்சப்படும் மின்சாரம்

ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ. அமைப்பின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமைக் கட்டட மையம் 2003இல் லீட் பிளாட்டினம் தரம் பெற்றது. இந்தியாவில் அத்தரத்தைப் பெற்ற முதல் கட்டடம் அது. 2004 ஜூலையில் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். காற்றுக் கோபுரம், சூரிய மின்தகடு, செடி வளர்ந்த கூரை ஆகியவற்றோடு பி.எம்.எஸ். கண்காணிப்பும் அங்கே அமைந்தது.

வீட்டிலும் இதை உணரலாம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விற்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தி சிக்கன ஆணையத்தின் கணக்கு. ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால், நூறு அறைகள் உள்ள கட்டடத்தில் ஒரு நல்ல புரோகிராமின் மதிப்பை நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெற்றோர்கள் செய்யக்கூடியது

பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஆகிய மூன்றும் இத்தொழிலுக்கு நல்ல வாசல்கள். மூன்றும் 2 வருடப் படிப்பு. டிப்ளமோவில் இ.இ.இ., இ.சி.இ., மெக்கானிக்கல் எதுவும் பொருந்தும். வரைபடம் வாசிக்கப் பழக வேண்டும். எக்செல் தெரிய வேண்டும். கையேடு புரியும் அளவு ஆங்கிலம் வேண்டும். பேக்நெட் கருவிகளைப் பார்க்க உதவும் 'யாபே' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. குறைந்த விலை ஆர்டுயினோ போர்டில் நான் மேலே சொன்ன தொட்டிக் கணக்கைச் செய்து பழகலாம்.

பெண் பிள்ளைகளையும் இதில் மறக்க வேண்டாம். ஓலா தொழிற்சாலையை முழுவதும் பெண்களே நடத்துவார்கள் என்று அந்நிறுவனம் 2021இல் அறிவித்தது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து கவனமாகப் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கு நம் பெண்களிடம் பொறுமையும் கூர்மையும் குறைவில்லை.

என் மருமகன் "வராது" என்று சொல்லவில்லை. இப்போது அந்த அறையில்தான் இருக்கிறான். போன வாரம் நம் மஹால் மோட்டாருக்கு ஒரு சிறு மாற்றம் செய்து கொடுத்தான்: யாராவது மேனுவலில் போட்டால் 30 நிமிடத்தில் தானே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். இத்துறையைப் பற்றிக் கேட்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது உங்கள் வீட்டுத் தொட்டி எப்போது நிரம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று நான்கு வரி தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்