முதல் எழுத்தை மாற்றினால் போலி

1740 நவம்பரில் லண்டனில் 'பாமெலா' என்ற நாவல் வெளிவந்தது. எழுதியவர் சாமுவேல் ரிச்சர்ட்சன், ஓர் அச்சக முதலாளி. பதினைந்து வயது வேலைக்காரப் பெண்ணை எஜமான் மடக்கப் பார்க்கிறான், அவள் மசியவில்லை, கடைசியில் அவனே அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பெரும்பாலும் அவள் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களாகவே கதை நகரும். ஊருக்கே பித்துப் பிடித்தது. ஓராண்டுக்குள் ஐந்து பதிப்புகள். பாமெலா படம் தீட்டிய கைவிசிறிகள் விற்றன. பாதிரியார் ஒருவர் பிரசங்க மேடையிலிருந்தே சிபாரிசு செய்தார்.

1741 ஏப்ரலில் அதைப் பகடி செய்து 'ஷாமெலா' வந்தது. ஆங்கிலத்தில் 'ஷாம்' என்றால் போலி. எழுதியவர் பெயர் புனைபெயர்; ஆள் ஹென்றி ஃபீல்டிங் என்பது ஆய்வாளர்கள் முடிவு.

இந்தப் பகடி வேலை செய்யும் விதம்தான் அதிசயம். ஃபீல்டிங் கதையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார். அதே வேலைக்காரி, அதே எஜமான், அதே கல்யாணம். முக்கியமாக மாற்றியது ஒன்று: அவள் நல்லவள் இல்லை, கைகாரி. அவ்வளவுதான், மயங்கி விழுந்ததும் அழுததும் வலை விரித்த கதையாகிவிடுகிறது. பாமெலாவின் நல்ல குணத்துக்கு ஒரே சாட்சி பாமெலா எழுதிய கடிதம்தானே! அதை நம்பலாமா? ரசிகர்கள் கேட்க மறந்த கேள்வி அது.

அடுத்த அடி நடைக்கு. ரிச்சர்ட்சனின் நாயகி ஆபத்து நெருங்க நெருங்க விடாமல் எழுதிக்கொண்டே இருப்பாள். ஷாமெலாவோ எஜமான் கதவைத் திறப்பதையும், கட்டிலில் ஏறுவதையும், தான் தூங்குவதுபோல் நடிப்பதையும் அந்தந்த நொடியிலேயே எழுதுகிறாள். பேனா எந்தக் கையில் இருந்ததோ!

எனக்குப் பிடித்தது முன்னுரைதான். ரிச்சர்ட்சன் தம் நூலின் முகப்பிலேயே புகழ்க் கடிதங்களை அச்சிட்டிருந்தார். ஃபீல்டிங்கின் நூலிலும் ஒரு பாராட்டுக் கடிதம் உண்டு. பதிப்பாசிரியர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டது.

மறு ஆண்டே ஃபீல்டிங் பாமெலாவுக்கு ஒரு சகோதரனை உண்டாக்கி, எஜமானியம்மாள் அவனைத் துரத்துவதாக 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' எழுதினார். கேலியில் தொடங்கிய அந்தக் கதை சில அத்தியாயங்களிலேயே கேலியை விட்டுவிட்டுத் தன் வழியில் நடந்தது. 1749-ல் அவருடைய 'டாம் ஜோன்ஸ்' வந்தது. இன்று ஆங்கில நாவலின் முன்னோடிகள் வரிசையில் ரிச்சர்ட்சனும் ஃபீல்டிங்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

'ஷாமெலா'வை எழுதியது தாம்தான் என்று ஃபீல்டிங் கடைசிவரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை.