கும்மியும் இளமகளிர் உடல்நலமும்

கும்மியையும் கோலாட்டத்தையும் வழிபாட்டு மரபாகவும் பாட்டு வகையாகவும் ஆராய்ந்தோர் பலர். அவை உடற்பயிற்சியாதலும் ஆராயத்தக்கதே. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் அம்மன் விழாவையொட்டி முளைப்பாரி வளர்க்கும் வழக்கு உண்டு. முளைப்பாரியை நடுவே வைத்துப் பெண்கள் சுற்றிவந்து கும்மி கொட்டுவர்.

மகளிர் கூடியாடும் மரபு பழமையானது. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் எழுவர் மகளிர் ஏழிசைப் பெயர் பெற்றுக் கைகோத்து ஆடுகின்றனர். திருவாசகத்தின் அம்மானை, பூவல்லி, தெள்ளேணம், தோணோக்கம், ஊசல் ஆகிய பகுதிகள் மகளிர் ஆடல்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. திருவில்லிபுத்தூர் ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் சிறுமியர் சிற்றில் இழைத்தலைப் பாடினார்.

இனி ஆடலின் இயக்கத்தை நோக்குவோம். கும்மியில் ஓரடி முன்வைத்து, முழங்கால் மடக்கி, இடை வளைந்து, கைகொட்டி நிமிர்தல் ஒரு சுற்று. இதனால் தொடையும் முதுகும் தோளும் ஒருங்கே உழைக்கின்றன. பாட்டு விரையுந்தோறும் மூச்சும் நாடித்துடிப்பும் விரைகின்றன. பாடிக்கொண்டே ஆடுதலின் மூச்சை அளவறிந்து விடும் பழக்கமும் வாய்க்கிறது. கோலாட்டமோ கண்ணும் கையும் தாளத்தோடு இயைதலைப் பயிற்றுகிறது. தரையில் அடி ஊன்றித் துள்ளும் இயக்கம் எலும்புக்கு உரம் தருவது. எலும்பின் திண்மை பெரும்பாலும் இளமையிலேயே சேர்வதாதலின் இப்பயன் சிறிதன்று.

5 முதல் 17 அகவை வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பும், அதற்கு மேற்பட்டோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும் வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்தது. நூற்பாலைகள் மிகுந்த இராசபாளையத்தில் ஆலைப்பணி செய்யும் இளமகளிர் உழையாதவர் அல்லரே எனின், நெடுநேரம் நின்று ஒரே வகை இயக்கத்தைச் செய்தல் வேறு. உடல் முழுதும் மகிழ்ந்து இயங்குதல் வேறு என்க.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர். அதனைக் கும்மி தீர்க்காது. ஊட்டமும் மருத்துவமுமே தீர்க்கும். சோகையுடையார் விரைவில் களைப்பர். அவர்க்கு மெல்லிய நடையே ஏற்றது.

மேடைப் போட்டியில் தேர்ந்த சிலர் சில நிமிடம் ஆட, ஏனையோர் அமர்ந்து காண்பர். முளைப்பாரிக் கும்மியிலோ வட்டம் விரியும், வந்தவரெல்லாம் ஆடுவர். உடல்நலப் பயன் ஆடுவார்க்கே உரியது, காண்பார்க்கு அன்று. எனவே பள்ளிகளும் கல்லூரிகளும் கும்மியைக் காட்சிக் கலையாக மட்டும் போற்றாது, வாரந்தோறும் அனைவரும் ஆடும் பயிற்சியாகக் கொள்ளுதல் நலம்.