சுழல்வதைப் பார்க்க ஒரு பெட்டி

அமெரிக்காவில் இசைத்தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைப் போட்டுக் கேட்க ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லுமினேட் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட தகவல் இது. மீதிப் பேருக்குத் தட்டு ஒரு நினைவுப்பொருள். அட்டைப்படத்துக்காக வாங்குகிறார்கள், பாடகர் மேலுள்ள பிரியத்துக்காக வாங்குகிறார்கள். பாட்டைக் கேட்கக் கைபேசி இருக்கிறது.

நம் ஊர்களில் அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இதற்குத் தலைகீழ். தட்டு யார் யாரிடமோ இருக்கும், சுழற்றும் பெட்டி ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். பண்ணையார் வீட்டில் ஒன்று, மைக் செட்டுக்காரரிடம் ஒன்று. அந்த ஒரு பெட்டியிலிருந்து ஊரே கேட்டது. இன்று உலகத்தின் அத்தனை பாட்டும் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கியிருக்க, பாட்டுக்காக யாருக்கும் தேவைப்படாத அந்தப் பெட்டியை விதவிதமான வடிவங்களில் செய்து விற்கிறார்கள். காற்றில் மிதக்கும் தட்டு, செங்குத்தாக நிற்கும் தட்டு, தட்டின் மேலேயே ஊர்ந்து பாடும் மரக்கட்டை என்று அந்தச் சந்தை நீள்கிறது.

சாவி கொடுத்த காலம்

கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கிவிட்டால் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் தட்டு ஓடும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் பாடகர் ஆலாபனை, பல்லவி, சரணம் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். தட்டு அரக்கால் ஆனது, கீழே போட்டால் அப்பளமாக நொறுங்கும். அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சியிடமிருந்து சேகரித்துக் கப்பலேறிப் போனது. கல்கத்தாவை ஒட்டிய டம்டமில் கிராமபோன் கம்பெனிக்குச் சொந்தத் தொழிற்சாலை இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஓடியன் தட்டுகளைத் தென்னிந்தியாவுக்கு விற்ற கடை. அதை நடத்திய ஏ.வி. மெய்யப்பன் படத்தொழிலுக்கு வந்ததே இந்தத் தட்டு வியாபாரத்தின் வழியாகத்தான்.

தட்டைத் தொட்டுப் பாடவைத்தது எஃகு முள். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது விதி. அரக்கோடு கல்தூள் கலந்திருப்பார்கள். தட்டு சுழலச் சுழல அந்தத் தூள் முள்ளின் நுனியைத் தேய்த்து, ஒலி பதிந்திருக்கும் பள்ளத்துக்குப் பொருந்துமாறு செய்துவிடும். பக்கம் முடிவதற்குள் முள் தேய்ந்து மழுங்கிப்போகும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். சிறு தகர டப்பிகளில் நூற்றுக்கணக்கில் முள் விற்றது இதனால்தான். பாட்டுக் கேட்பது என்றால் சாவி கொடுப்பது, முள் மாற்றுவது, தட்டைத் துடைப்பது, திருப்பிப் போடுவது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கத்தான் வேண்டும்.

மேல்நாடுகள் 78 வேகத் தட்டுகளைக் கைவிட்ட பிறகும் இந்தியா அவற்றை விடவில்லை. 1960-களில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் இங்கே அரக்குத் தட்டில் அச்சாயின. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பழைய தட்டுக்குச் சந்தை இருந்தது. இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த இயந்திரத்தை வீட்டைவிடத் தெருதான் அதிகம் கேட்டது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் முதலில் வந்து இறங்குவது மைக் செட். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதல் தட்டாகப் பிள்ளையார் பாட்டைப் போட்டால் விசேஷம் தொடங்கிவிட்டது என்று பக்கத்து ஊருக்கும் தெரியும். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் வசனத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே முழுப்படத்தையும் ஒப்பித்தவர்கள் உண்டு. அடுத்த தட்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு, இடைவெளி விழாமல் மாற்றுவது மைக் செட்டுக்காரரின் தொழில்திறமை.

கையை விலக்கிய அரை நூற்றாண்டு

இந்தக் கைவேலையை ஒவ்வொன்றாக ஒழிப்பதுதான் பொறியாளர்களின் நோக்கமாக இருந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் எல்.பி.யைக் கொண்டுவந்தது. அரக்கு போய் வினைல் வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வெளிவந்தது. அரக்குத் தட்டின் காலத்தில் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்க முடியும். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே விழும் சேஞ்சர் எல்.பி.க்கு முன்பே வந்திருந்தது. முடிந்ததும் தானே திரும்பும் கை வந்தது.

தோற்றமும் கூடவே மாறியது. 1906-இல் வந்த விக்ட்ரோலா, கிராமபோனின் பெரிய கூம்பை மர அலமாரிக்குள் மறைத்தது. இயந்திரம் கூடத்தில் மேஜை நாற்காலியோடு ஒன்றாக அடங்கி நிற்க வேண்டும் என்பது எண்ணம். அரை நூற்றாண்டு கழித்து 1956-இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக ஹன்ஸ் குகெலோட்டும் டீட்டர் ராம்ஸும் எஸ்.கே. 4 என்ற பெட்டியை வடிவமைத்தார்கள். முதலில் மூடியைத் தகரத்தில் செய்து பார்த்தார்கள், அது ஒலியில் அதிர்ந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்தார்கள், அதிர்வு நின்றது. உள்ளே நடப்பதும் வெளியே தெரிந்தது. கேலிக்காரர்கள் அதற்கு ‘ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த ரெக்கார்டு பிளேயர்களுக்கெல்லாம் அந்தத் தெளிந்த மூடியே வழக்கமாகிவிட்டது.

கையை முழுக்க விலக்கிய பெட்டி 1972-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. யாகோப் யென்சன் பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பியோகிராம் 4000 அது. பொத்தானை அழுத்தினால் போதும். தட்டு இருக்கிறதா, எந்த அளவு என்பதை அதுவே கண்டுபிடித்து, முள்ளை நேர்கோட்டில் நகர்த்திப் பாடவைக்கும். நம் நாட்டில் அந்தக் காலத்து நாகரிகம் எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா. மூடியைத் திறந்தால் பாட்டு, மூடினால் கையில் தூக்கிப் போகும் சிறு பெட்டி. பேட்டரியிலும் ஓடியதால் மொட்டைமாடிக்கும் சுற்றுலாவுக்கும் கூடவே போனது.

பிறகு கேசட் வந்தது. எண்பதுகளில் தட்டு வீடுகளை விட்டு வெளியேறி ‘ரெக்கார்டிங் சென்டர்’களில் தஞ்சம் புகுந்தது. பிடித்த பாட்டுகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அலமாரியில் அடுக்கியிருக்கும் இளையராஜா எல்.பி.க்களிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். தட்டு மூலப்பிரதி ஆயிற்று, கேட்பதெல்லாம் கேசட்டில். சி.டி. வந்ததும் அந்த வேலையும் போயிற்று. எம்.பி. 3, கைபேசி, இணையம் என்று இசை கையைவிட்டே நழுவியது. பொறியாளர்களின் நூற்றாண்டுக் கனவு நிறைவேறிவிட்டது. இப்போது எழுந்திருக்கவே வேண்டாம், வாயால் சொன்னாலே பாடுகிறது.

கையைத் திரும்ப அழைக்கும் பெட்டிகள்

கனவு நிறைவேறிய இடத்தில்தான் கதை திரும்பியது. 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடி. எண்ணிக்கையில் வினைல் சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. டி.ஜே.க்களின் செல்லப்பிள்ளையான டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200-இன் தயாரிப்பை 2010-இல் நிறுத்திய பானாசோனிக், 2016-இல் அதை மறுபடி கொண்டுவந்தது. பேங் அண்ட் ஓலுஃப்சன் பழைய பியோகிராம் 4000 பெட்டிகள் 95-ஐத் திரும்ப வாங்கிப் புதுப்பித்து 2020-இல் விற்றது. எண்பதுகளில் சாண்ட்விச் போலத் தட்டைக் கவ்விக்கொள்ளும் கைப்பெட்டியாக வந்த ஆடியோ டெக்னிகாவின் சவுண்ட் பர்கர், ரீசார்ஜ் பேட்டரியும் புளூடூத்துமாக 2022-இல் மறுபிறவி எடுத்தது.

புதுமைப் பெட்டிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. ஸ்லோவேனியாவின் மேக்-லெவ், காந்தவிசையால் சுழலும் தட்டையே காற்றில் மிதக்கவிடுகிறது. மின்சாரம் போனால் விழாமல் தாங்க அதற்குக் கால்களும் உண்டு. கிராமவோக்ஸின் ‘ஃப்ளோட்டிங் ரெக்கார்டு’ தட்டைச் சுவர்க்கடிகாரத்தைப் போல நிமிர்த்தி நிறுத்துகிறது. ராக்பிளாக் என்னும் சிறு மரக்கட்டை, அசையாமல் கிடக்கும் தட்டின் மேல் தானே வட்டமடித்துப் பாடுகிறது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 2021-இல் நிறம் மாறும் விளக்கொளியில் ஜொலிக்கும் டர்ன்டேபிளை 50 மட்டுமே செய்து கலைக்கூடத்தில் விற்றார்.

இவற்றில் எதுவும் பாட்டை எளிதாக்கவில்லை. உறையிலிருந்து தட்டை விளிம்பைப் பிடித்து எடுத்து, தூசி துடைத்து, முள்ளை மெல்ல இறக்கி, இருபது நிமிடத்தில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். ஒரு நூற்றாண்டு எதை ஒழிக்கப் பாடுபட்டதோ அதற்குத்தான் இன்று காசு கொடுக்கிறார்கள். கைபேசியில் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தட்டில் தெரிகிறது. அப்படித் தெரிவதுதான் இப்போது சரக்கு. விக்ட்ரோலா இயந்திரத்தை அலமாரிக்குள் ஒளித்தது, மேக்-லெவ் அதைக் காட்சிக்கு வைக்கிறது.

இதைப் பகட்டு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் விக்ட்ரோலாவும் ஃபியஸ்டாவும் அந்தந்தக் காலத்துப் பகட்டுகள்தாம். பெட்டி எப்போதுமே கூடத்தில் நாலுபேர் பார்க்க வைத்த பொருள். பகட்டில் குற்றமில்லை, பள்ளத்தை மறந்த பகட்டில்தான் குற்றம்.

பள்ளம் சலுகை தருவதில்லை

பெட்டி எப்படி மாறினாலும் எல்.பி.யின் பள்ளம் அடிப்படையில் 1948-இல் இருந்தபடியேதான் இருக்கிறது. ஒரு பக்கத்துப் பள்ளத்தை நேராக நீட்டினால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். வெளிவட்டத்தில் முள்ளுக்குக் கீழே அது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும், உள்வட்டத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டைச் சுத்தமாக எடுப்பதுதான் எந்தப் பெட்டிக்கும் பரீட்சை. நல்ல டர்ன்டேபிளில் முள் தட்டின் மேல் ஏறக்குறைய 2 கிராம் எடைதான் வைக்கும்.

புதுமைப் பெட்டிகள் பலவும் தடுமாறுவது இங்கேதான். கடைகளில் வண்ணவண்ணமாக அடுக்கியிருக்கும் சூட்கேஸ் பிளேயர்களில் பலவற்றில் முள்ளைத் தாங்குவது செராமிக் கார்ட்ரிட்ஜாக இருக்கும். முள்ளின் எடை 5 கிராமை ஒட்டி வரும், அதைக் குறைக்க வழியும் இருக்காது. தட்டைவிடச் சிறிய பெட்டியின் மேல் தட்டு விளிம்பு வெளியே தொங்கச் சுழலும், அதே பெட்டிக்குள் ஸ்பீக்கர் அதிரும். தட்டின் மேல் ஓடும் மரக்கட்டை, பேட்டரியும் ஸ்பீக்கருமாகத் தன் மொத்த எடையையும் தட்டின் மேலேயே இறக்குகிறது. உள்ளே போகப் போக வட்டம் சிறுக்கும், சுருதி மாறாமலிருக்க அது தன் ஓட்டத்தை ஓயாமல் குறைத்துக்கொண்டே போக வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தட்டில் முள்ளை அழுத்தப் புவியீர்ப்பு உதவாது, அந்த வேலையை வேறு விசையால் செய்தாக வேண்டும். புதிதாக அச்சான தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தாத்தா சேர்த்துவைத்த எல்.பி.யை இப்படிப்பட்ட பெட்டிகளில் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஒலியின் தூய்மைக்காகத் தட்டு வாங்குகிறோம் என்பவர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. முள் எடுத்துத் தரும் சில மில்லிவோல்ட் மின்னலையைப் பெருக்கி, டிஜிட்டலாக மாற்றி, சுருக்கி அனுப்பினால்தான் புளூடூத் ஸ்பீக்கர் பாடும். கைபேசியிலிருந்து தப்பித்து வந்த இசை கொல்லைப்புற வழியாக மறுபடி டிஜிட்டலுக்குள் நுழைந்துவிடுகிறது. டிஜிட்டல் கலப்பே இல்லாதவை என்று ரசிகர்கள் விலை கொடுத்து வாங்கிய மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றிலும் இடையில் டிஜிட்டல் பிரதி பயன்பட்டிருந்தது 2022-இல் வெளியே வந்தது. அதுவரை காதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவில் பழமை மீதான ஏக்கம் முதலில் வேறு உருவம் எடுத்தது. 2017-இல் சரிகம வெளியிட்ட கார்வான், பழைய ரேடியோவின் தோற்றத்தில் 5,000 பாடல்களை உள்ளடக்கிய பெட்டி. தட்டுமில்லை, முள்ளுமில்லை, பெரியவர்கள் குமிழைத் திருகினால் போதும். பழைய தோற்றம் வேண்டும், பழைய வேலை வேண்டாம் என்பவர்களுக்கு அது நேர்மையான பதில். எந்த எல்.பி.யையும் அது கீறப்போவதில்லை. மறுமுனையில், தென்மாவட்டங்களில் இன்னும் குழாய் ஸ்பீக்கரும் ரெக்கார்டு பிளேயரும் வைத்துக்கொண்டு, விசேஷங்களில் தட்டு போட்டே பாடவைக்கும் மைக் செட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டியில் எந்தப் புதுமையும் இல்லை. ஆனால் முள் எப்போது தேய்கிறது, எந்தத் தட்டு எங்கே தாவும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அழகான ரெக்கார்டு பிளேயர் வாங்க நினைப்பவரும் முள்ளையும் தட்டையும் பற்றித்தான் கடையில் கேட்க வேண்டும். முள்ளின் எடையைக் கூட்டிக் குறைக்க முடியுமா? தேய்ந்தால் முள் மட்டும் தனியாகக் கிடைக்குமா? வேகம் நிலையாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் பெட்டி மிதந்தாலும் சரி, நிமிர்ந்து நின்றாலும் சரி, தாராளமாக வாங்கலாம். பதில் சொல்லத் திணறும் பெட்டியை வாங்குகிறவர், கூடவே ஒரு நல்ல புளூடூத் ஸ்பீக்கரும் வாங்கிக்கொள்ளட்டும். பெட்டி அலமாரியில் அழகாக இருக்கும், பாட்டு கைபேசியிலிருந்து வரும், தட்டுகள் உறையிலேயே பத்திரமாக இருக்கும்.