ஸ்டென் துப்பாக்கியின் ‘போல்ட்’: ஓர் இரும்புத் துண்டுக்குச் சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறது?

போர்க்காலப் பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கான வெளிநாட்டு இணையக் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பதக்கம், தண்ணீர்க் குப்பி, தோல் பை, தலைக்கவசம் என்று வரிசையாக வரும். நடுவில் ஓர் உருளை வடிவ எஃகுத் துண்டும் இருக்கும். “ஸ்டென் போல்ட், பழையது” என்று ஒரு வரி. பக்கத்திலேயே “புதிதாகத் தயாரித்தது” என்று இன்னொன்று.

பார்த்தால் சாதாரண இரும்புதான். மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் சிங்கப்பூர், மலேசியச் சட்டங்களைப் பொறுத்தவரை அது வெறும் இரும்பு இல்லை.

ஏன் என்று புரிய வேண்டுமென்றால், அந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்கணும்.

நட்டு-போல்ட்டு இல்லை

இது அலமாரி மாட்டும் போல்ட் அல்ல. துப்பாக்கியில் ‘போல்ட்’ என்றால் தோட்டாவுக்குப் பின்னால் நின்று, அது வெடிக்கும்போது பின்பக்கத்தை மூடிவைக்கும் பாகம். இரண்டாம் உலகப் போர்க்காலச் சப்மெஷின் துப்பாக்கிகள் பலவற்றில் இந்த ஒரே பாகம்தான் பாதி இயந்திரம்.

ஸ்டென் அதற்கு நல்ல உதாரணம். 1940இல் டன்கர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரிட்டன், ஏராளமான ஆயுதங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அமெரிக்கத் தாம்சன் துப்பாக்கியை வாங்கலாம். ஆனால் விலை அதிகம். அவசரத்துக்கு மலிவாக ஒன்று தேவைப்பட்டது. ரெஜினால்டு ஷெப்பர்டு, ஹரால்டு டர்பின் என்ற இருவர் வடிவமைத்தார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளோடு என்ஃபீல்டு என்ற ஊர்ப் பெயரின் தொடக்கமும் சேர்ந்ததுதான் ‘ஸ்டென்’.

ஒரு குழாய், ஒரு ஸ்பிரிங், ஒரு போல்ட். கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏறக்குறைய 40 லட்சம் துப்பாக்கிகள் தயாராயின. அதில் ஒரு வகையைச் செய்து கொடுத்தது ‘லைன்ஸ் பிரதர்ஸ்’ என்ற பொம்மை நிறுவனம். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பொம்மை நிறுவனம்தான்.

இயங்கும் விதமும் எளிது. சுடுவதற்கு முன் போல்ட் பின்னால் இழுபட்டு நிற்கும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். போகிற வழியில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் நுழைக்கும். போல்ட்டின் முகப்பில் ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டு இருக்கும். அது தோட்டாவின் அடியைத் தட்ட, தோட்டா வெடிக்கும். வெடிப்பின் விசை போல்ட்டைத் திரும்பப் பின்னால் தள்ளும். விரலை எடுக்கும்வரை இதே சுற்று. நிமிடத்துக்குச் சுமார் 500 முறை.

இதில் பூட்டு எதுவும் கிடையாது. வெடிக்கும் கணத்தில் தோட்டாவின் உறை பின்னால் பறந்துவிடாமல் தடுப்பது போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். கனமான கதவைத் தள்ளித் திறக்க நேரமாகும் இல்லையா, அதே கணக்கு. அதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடும்.

எடை கொஞ்சம் மாறினால்?

எல்லாம் மாறும். போல்ட் கனமானால் வேகம் குறையும். இலேசானால் கூடும்.

தாம்சன் துப்பாக்கியே இதற்குச் சாட்சி. 1921 மாடல் மிக வேகமாகச் சுட்டது, நிமிடத்துக்கு 800 அளவில். அமெரிக்கக் கடற்படைக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. உள்ளே போல்ட்டோடு சேர்ந்து ஓடும் பாகத்தின் எடையைக் கூட்டி, வேகத்தை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கையிருப்பில் இருந்த பழைய துப்பாக்கிகளில் ‘1921’ என்ற எண்ணின் கடைசி 1 மீது 8ஐ அடித்து ‘1928’ ஆக்கி விற்றார்கள்!

மறுபக்கம், 1960களில் வந்த மேக்-10. சின்ன உருவம், சின்ன போல்ட். நிமிடத்துக்கு 1,000க்கும் மேல். அந்த வேகத்தில் 30 தோட்டா மேகசின் இரண்டே வினாடிக்குள் காலி. குறி வைப்பதெல்லாம் பிறகுதான். மைக்ரோ ஊஸி துப்பாக்கியிலும் இதே தொல்லை. சின்ன போல்ட்டுக்குள் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தை வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள்.

80 வருடப் பழசுக்குப் புது பாகம் யாருக்குத் தேவை?

பெரும்பாலும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு.

அங்கே 1934லேயே இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினால் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போது ஒரு தாம்சனின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு 1986 மே மாதம் இன்னொரு சட்டம்: பொதுமக்களுக்காகப் புதிய இயந்திரத் துப்பாக்கிகளை இனிப் பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே பதிவானவை மட்டும் கைமாறலாம்.

எண்ணிக்கை கூடவே கூடாது என்றால் விலை என்ன ஆகும்? தாம்சன் போன்றவை இன்று 20,000 அமெரிக்க டாலரையும் தாண்டும். பதிவு எண் இருப்பது துப்பாக்கியின் உடல் பகுதியில். அது உடைந்தால் இன்னொன்று வாங்கிப் பொருத்த வழியில்லை. போல்ட், ஸ்பிரிங் போன்றவை தேய்ந்தால் மாற்றலாம். அதனால்தான் இந்த உதிரிப்பாகச் சந்தை.

இங்கேதான் பழையதா புதியதா என்ற விவாதம் வருகிறது. பழைய போல்ட்டுகள் போர்க்காலத்தில் வெவ்வேறு பட்டறைகளில் அவசரமாகச் செய்யப்பட்டவை. ஒன்று சரியாகப் பொருந்தும், அடுத்தது உரசும். முகப்பு முனை மழுங்கியிருக்கலாம், காலி உறையைப் பற்றி இழுக்கும் சின்னக் கொக்கி தேய்ந்திருக்கலாம். ஆனால் எஃகின் குணம் சோதிக்கப்பட்டது; போரிலேயே ஓடிய பாகம். புதியவை கணினி இயந்திரத்தில் கடைந்தவை; அளவு துல்லியமாக இருக்கும், பார்க்கவும் பளபளப்பு. ஆனால் உயிர் இருப்பது எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்துவதில். பதம் கூடினால் விரிசல் விடும். குறைந்தால் அடிபட்டு அடிபட்டு முகப்பு நசுங்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எடை குறைந்த போல்ட் இன்னும் மோசம். அது வேகமாகப் பின்னால் வந்து மோதும்போது அடி வாங்குவது, மாற்றவே முடியாத அந்தப் பதிவு செய்த உடல். மலிவான ஒரு பாகத்தால் 20,000 டாலர் பொருள் விரிசல் விடுவது அப்படித்தான். என்னைக் கேட்டால், இந்தச் சந்தையில் ‘புதுசு நல்லது’ என்ற வழக்கமான நம்பிக்கை அவ்வளவாக உதவாது.

எளிமையின் ஆபத்து

ஸ்டென்னின் எளிமைக்கு ஒரு விலை இருந்தது. மேகசின் மாட்டியபடி துப்பாக்கியைக் கீழே போட்டால், அதிர்ச்சியில் போல்ட் பாதி தூரம் பின்னால் குதித்து, திரும்பி வரும்போது தோட்டாவை எடுத்துக்கொண்டு வெடித்துவிடும். விசையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சொந்தப் படையினரே அடிபட்டார்கள். பிறகுதான், போல்ட்டை முன்னால் வைத்துப் பூட்டும்படி கைப்பிடியை மாற்றினார்கள்.

சிக்கிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. 1942 மே 27, பிராக் நகரம். நாஜித் தலைவர் ஹைட்ரிக்கின் காரை மறித்து யோசெஃப் கப்சிக் விசையை அழுத்தினார். ஸ்டென் சுடவில்லை. உடன் வந்த யான் குபிஷ் எறிந்த வெடிகுண்டால்தான் ஹைட்ரிக் காயமடைந்தார். எட்டு நாளில் இறந்துபோனார்.

நம் பக்கமும் இந்தத் துப்பாக்கி வந்திருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மலாயாக் காடுகளில் ‘ஃபோர்ஸ் 136’ படை பாராசூட் மூலம் இறக்கிய ஆயுதங்களில் ஸ்டென்னும் இருந்தது.

சரி, நினைவுப் பொருளாக வாங்கலாமா?

கூடாது.

சிங்கப்பூரின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களும் அடங்கும். முழுத் துப்பாக்கி கையில் இல்லை என்பது பதில் ஆகாது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படி. 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்வதற்கான மின்னியல் வரைபடக் கோப்பும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதாவது, இரும்பே இல்லாமலும் சிக்கலில் மாட்டலாம்.

மலேசியாவிலும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாகங்களை ஆயுதமாகவே பார்க்கிறது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

ஸ்டென்னைப் பற்றிப் படித்தவுடன் ஒன்று விளங்கும்: இவ்வளவு எளிய இயந்திரத்தில் ஒவ்வொரு பாகமும் பெரிய பங்கு. அதனால்தான் பிரிட்டனில் பழைய துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்பவர்கள் குழலை அடைப்பதோடு நிற்பதில்லை. போல்ட்டின் முகப்பையும் வெட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கடையில் தடையில்லாமல் விற்கிறார்கள், ‘உலகெங்கும் அனுப்புவோம்’ என்று போட்டிருக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. பொட்டலம் வந்து சேரும் இடத்தின் சட்டம்தான் கணக்கு.

தாத்தா வீட்டுப் பரணிலோ, தோட்டம் தோண்டும்போதோ துப்பாக்கிப் பாகம் மாதிரி ஏதாவது கிடைத்தால் எடுத்துத் துடைத்துப் படம் போட வேண்டாம். தோட்டாவோ வெடிகுண்டோ பக்கத்தில் இருக்கலாம். தொடாமல் தள்ளி நின்று, சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் 999க்கு அழைத்துச் சொல்லுங்கள்.