சிங்கப்பூர் போறீங்களா? பள்ளிக்கூடத்தை முதல்ல பாருங்க!

கும்பகோணம்:
கும்பகோணம் வட்டாரத்தில் இருந்து சிங்கப்பூர், துபாய்க்கு குடும்பத்தோடு கிளம்புபவர்கள் விசா, டிக்கெட் எல்லாம் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதனால் ஒரு வருட படிப்பே வீணாகலாம்.

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தை அழைத்து செல்ல முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றாலும் மாதம் 6 ஆயிரம் வெள்ளி சம்பளம் வேண்டும்.

அங்கு தமிழும் ஆட்சி மொழி. அரசு பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தாய்மொழி பாடமாக தமிழ் படிக்கலாம். ஆனால் எல்லா பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது. கேட்டு சேர்ப்பது நல்லது.

நம்ம ஊரில் ஜூனில் பள்ளி திறக்கும். அங்கே ஜனவரியில். நடுவில் சேர ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவு தேர்வு உண்டு. வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் சோதிப்பார்கள். பாஸ் ஆனாலும் காலியிடம் இருந்தால்தான் சீட். எனவே பிள்ளைக்கு ஆங்கிலத்தை இங்கேயே பழக்க வேண்டும்.

துபாயில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல உண்டு. பாடத்திட்டம் ஒன்று என்பதால் ஊர் திரும்பினால் சிரமம் குறைவு. தமிழ் பாடம் உண்டா என்று அங்கும் கேளுங்கள்.

தமிழை விட்டால் என்னாகும்? 2006-ம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டு பள்ளிகளில் 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாய பாடம். 5 வருடம் கழித்து திரும்பி வரும் பிள்ளை அ, ஆவில் தொடங்க வேண்டியிருக்கும். தமிழ் வகுப்பு கிடைக்காவிட்டால் வீட்டில் தினமும் அரை மணி நேரமாவது தமிழ் படிக்க, எழுத வையுங்கள். பேசினால் மட்டும் போதாது.