பழைய லொறியை மீண்டும் ஓடச் செய்தல்

இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்டு, வளவுகளிலும் பற்றைகளுக்குள்ளும் ஆண்டுக்கணக்காக நின்ற லொறிகள் பல பழைய இரும்பாக விலைப்பட்டுப் போயின. அவை எல்லாமே பழைய இரும்பு அல்ல. தன் நெல்லைத் தானே சந்தைக்கு ஏற்றிச் செல்லக்கூடிய விவசாயி, வயலடிக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. ஆகவே லொறியை நிறுத்து விற்குமுன் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்போம்.

நாம் நன்கறிந்த பெட்போர்ட் லொறியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் கம்பனி 1931 இல் இப்பெயரில் லொறிகளைச் செய்யத் தொடங்கியது. இவ்வகைப் பழைய லொறிகளில் கணினிப் பாகங்கள் எவையும் இல்லை. ஸ்பானர், சுத்தியல், ஜக் என்பவற்றைக் கொண்டு பெரும்பாலான பாகங்களைக் கழற்றிப் பூட்டலாம்.

தொடங்குமுன் இரண்டு காரியங்கள். லொறி நிற்கும் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகாவிட்டால் அதனருகே போகவே வேண்டாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அடுத்து, பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பணம் செலவிடுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செசி

செசியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். கறள் தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும், உதிரவும் கூடும். வில்லுகள் பொருத்தப்பட்ட இடங்களை நன்கு கவனியுங்கள். அங்கே வெடிப்போ உக்கலோ இருந்தால், மற்றைய வேலைகளைத் தொடங்குமுன் ஒட்டுவேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

எஞ்சின்

நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் கறளினால் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பலர் உடனே உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பார்கள். இது கூடாது. பிஸ்டன் வளையங்கள் உடையலாம், தண்டுகள் வளையலாம்.

முதலில் அடியிலுள்ள பழைய ஒயிலை வடித்துவிடுங்கள். தண்ணீர் இருந்தால் அதுவே முதலில் வரும். புதிய ஒயில் விட்டபின் பிளக்குகளை, டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்ரர்களை, கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து சிறிதளவு ஊற்றிச் சில நாட்கள் ஊறவிடுங்கள். பின்னர் முன்புறக் கைபிடியால் மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊறவிடுங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம். சுழலத் தொடங்கியதும், பிளக்குகளைப் பூட்டுமுன் பல தடவை சுற்றி, உள்ளே ஊற்றியதை வெளியேற்றுங்கள். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அது உள்ளே தங்கினால் தண்டு வளைந்துவிடும்.

எரிபொருள் தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். ஓட்டையிருந்தால் அதற்கு நெருப்புக் காட்டவே வேண்டாம். வெறும் தாங்கிக்குள் தங்கியுள்ள ஆவி வெடிக்கும்.

பிறேக்

எஞ்சின் முழங்கியதும் ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் ஓடுமுன் நிற்க வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் குழாய்களும் சிலிண்டர்களும் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். இறப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும். இறப்பர்கள் முழுவதையும், கறள் பிடித்த குழாய்களையும் மாற்றிப் புதிய பிறேக் ஒயில் விடுங்கள். பெயரில் 'ஒயில்' இருந்தாலும் அது எஞ்சின் ஒயில் அல்ல. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ விட்டால் இறப்பர் ஊதிப் பிறேக் செயலிழக்கும். சுமையோடு இறக்கத்தில் செல்லும் லொறியில் இது உயிர்ப்பிரச்சினை.

சில்லு

பழைய லொறிச் சில்லுகளில் ரயரைப் பிடித்திருப்பது ஓர் இரும்பு வளையம். காற்று இருக்கும்போது அதனைத் தொட்டால் பாய்ந்து வந்து ஆளைக் கொல்லும். காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே கழற்றுங்கள். காற்று நிரப்புவதை இரும்புக் கூடு உள்ள ரயர் கடையில் செய்வித்து, வளையத்துக்கு நேரே நில்லாதிருங்கள்.

முதல் ஓட்டம் வெறும் லொறியாக, சமதரையில், மெதுவாக இருக்கட்டும். பத்து முறை நிறுத்திப் பாருங்கள். பின்னர் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். வருடாந்த அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் கைக்கு வந்த பிறகே வீதிக்கு இறங்குங்கள். நெல் மூட்டைகளை அதன் பிறகு ஏற்றலாம்.