டயட் கூல்டிரிங்ஸ் உடம்புக்குக் கெடுதலா? – கல்லாவில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

சென்ற சீசனில் அட்டுவம்பட்டியில் நம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பெரியவருக்கு உடம்பெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். "தம்பி, அப்பாவுக்குச் சுகர் இருக்கு. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டாங்க. குடிக்க ஏதாவது குடு" என்றார் மகள். 'சுகர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் கடைப் பையன் நல்லெண்ணத்தோடு சர்க்கரை இல்லாத 'ஜீரோ' டின்னை எடுத்து உடைத்துக் கொடுத்துவிட்டான். பெரியவர் குடித்தார், நடுக்கம் நிற்கவில்லை. சாமான் வாங்க வந்திருந்த நர்ஸ் அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "இது ஆகாது, சாதா கலரை எடுங்க" என்றார். பாதி பாட்டில் உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்தார்.

பையன் மேல் குற்றமில்லை. அவனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க நமக்கே தெரியாது. விற்கிற சரக்கைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை நம் வணிகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி குடித்தால் ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. நாள் ஒன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே பாட்டிலில் அது தாண்டிவிடுகிறது.

டயட், ஜீரோ வகைகளில் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டிகள் சேர்க்கிறார்கள். டின்னில் பொடி எழுத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். 951 என்றால் அஸ்பார்டேம், 950 என்றால் அசிசல்ஃபேம், 955 என்றால் சுக்ரலோஸ், 954 என்றால் சாக்கரின். இவற்றில் சாக்கரின் மிகப் பழையது, 1879-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அஸ்பார்டேம் 1965-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு என்பதால் துளி போட்டாலே போதும்.

புற்றுநோய் வருமா?

வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஸ்பார்டேமை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. செய்தியைப் படித்துப் பலர் பயந்தார்கள். ஆனால் 2பி என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு, சான்று போதவில்லை என்றே பொருள். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடித்தால்தான் அந்த அளவைத் தாண்டுவார். எப்போதோ ஒரு டின் குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை.

அதற்காக முழுக்கவும் நிரபராதி என்று தீர்ப்பும் எழுத முடியாது. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை இனிப்பூட்டி அதிகம் உட்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் குண்டாக இருப்பவர்களும் சர்க்கரை நோய்க்கு அஞ்சுபவர்களும்தான் டயட் வகையை நாடுகிறார்கள். ஆகவே பானத்தால் நோயா, நோய்க்கு வழியுள்ளவர் பானத்தை நாடினாரா என்று இத்தகைய ஆய்வை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை.

உடம்பு இளைக்குமா?

நம் ஊரில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவிகள் சிலர் எடை குறையும் என்று ஜீரோ டின் கேட்கிறார்கள். எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், நெடுநாளில் பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறது. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வதே முறை.

பல் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. சர்க்கரை இல்லாவிட்டாலும் கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது பல்லின் மேல்பூச்சை அரிக்கும். காஃபீனும் இருக்கிறது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற எச்சரிக்கையைக் காணலாம். அஸ்பார்டேம் இருந்தால் 'ஃபினைல்கீட்டோனூரியா' என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் குடிக்கக் கூடாது என்றும் போட்டிருக்கும். பள்ளிப் பிள்ளை வந்து டயட் டின் கேட்டால் நாம் இதைச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுச் சரக்கு என்றால்?

2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீருக்காகவும் உள்நாட்டுத் தொழிலுக்காகவும் எடுத்த முடிவு அது. அதன் பெருமை வேறு, உடல்நலக் கணக்கு வேறு. நம் ஊர்க் கலரானாலும் சர்க்கரை சர்க்கரைதான். அரசு வரி போடுவதிலும் பாகுபாடு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்ததானாலும் வேறு இனிப்பூட்டி சேர்த்ததானாலும் காஸ் நிரப்பிய பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சேமிப்பு. அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்புக் குறையும். மலை மேல் குளிர்தானே என்று இருந்துவிடக் கூடாது. வத்தலக்குண்டு வெயிலில் நாள் முழுக்க நின்ற லாரிச் சரக்கும் நம்மிடம் வரலாம். கேஸ்களை வெயில் படாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்று, காலாவதித் தேதியை வாரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, டயட், ஜீரோ டின்களைச் சாதா கலரோடு கலக்காமல் தனித் தட்டில் வைக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். சர்க்கரை நோயாளி ஒருவர் வியர்த்து, நடுங்கி, தடுமாறி வந்தால் அவருக்குப் பெரும்பாலும் சர்க்கரை இறங்கியிருக்கும். அப்போது டயட் டின் வெறும் தண்ணீருக்குச் சமம். சாதா கலர் அரை டம்ளர், அதாவது 150 மில்லி, அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி ஒருமுறை கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மொத்தத்தில், நாள் தவறாமல் சர்க்கரைக் கலர் குடிப்பவர் டயட்டுக்கு மாறினால் சர்க்கரையாவது குறையும். அதுவரை லாபம். ஆனால் அது மருந்துமல்ல, சத்துமல்ல. தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் இளநீரும் இருக்கின்றன. கேட்பவருக்கு இதை உள்ளபடி சொன்னால் இரண்டு டின் விற்பனை குறையலாம். சொன்ன கடையைத் தேடி அந்த வாடிக்கையாளர் மறுபடியும் வருவார் என்பது நாம் அனுபவத்தில் கண்டது. இன்று கடை சாத்துமுன் கடைப் பையன்களைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது விஷயத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.